காவல் நாயின் கால் நொண்டல்: காரணமும் கவனிப்பும்

ஆட்டுப் பட்டி வைத்திருப்போருக்கு நாய் வெறும் செல்லப் பிராணி அன்று. கூலி கேளாத இரவுக் காவலாள். நரி, திருடர், தெருநாய்க் கூட்டம் ஆகிய மூன்றிடமிருந்தும் ஆடுகளைக் காப்பது அதன் காதும் மூக்கும் கால்களுமே. காது கேட்டாலும் மூக்கு மோப்பம் பிடித்தாலும், கால் ஓடவில்லையென்றால் காவல் இல்லை. ஆகவே நாயின் காலில் வரும் கோளாறைச் சிறு விஷயமாக எண்ணி விட்டுவிடக் கூடாது.

கரிசல் காட்டில் நாற்பது ஆடுகள் வைத்திருக்கும் ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஆறு வயதுச் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு நாள் காலை, எழுந்து வரும்போது அது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. வெயில் ஏறியதும் சரியாகி விடுகிறது. முள் குத்தியிருக்கும் என்று அவர் விட்டு விடுகிறார். பத்து நாள் கழித்து மீண்டும் நொண்டல் வருகிறது. இம்முறை பெட்டிக் கடையில் உடல் வலிக்கு விற்கும் மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுக்கிறார். மறுநாள் நாய் ஓடுகிறது. மூன்றாம் முறை நொண்டும்போது அதே மாத்திரையை நான்கு நாட்கள் தொடர்ந்து கொடுக்கிறார். ஐந்தாம் நாள் நாய் வாந்தி எடுக்கிறது. மலம் தார் போல் கறுத்துப் போகிறது. சோற்றைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மூலையில் சுருண்டு படுத்துவிடுகிறது. கால் வலிக்கு மருந்து தேடப்போய் உயிருக்கே ஆபத்து வந்து சேருகிறது.

இவ்வுழவர் செய்த பிழைகள் மூன்று. நொண்டலையே நோய் என்று நினைத்தது முதற் பிழை. வந்து வந்து போவதால் பொருட்படுத்தாமல் விட்டது இரண்டாவது. மனிதர் தின்னும் மாத்திரையை நாய்க்குக் கொடுத்தது மூன்றாவது. இம்மூன்றையும் தவிர்க்கும் வழிகளைக் காண்போம்.

நொண்டல் ஓர் அறிகுறியே

உடல் சுடுவது எப்படி ஓர் அறிகுறி மட்டுமோ, அப்படியே நொண்டலும் ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் முள் இருக்கலாம்; சுளுக்கு இருக்கலாம்; மூட்டுத் தேய்மானம், உண்ணிக் காய்ச்சல், எலும்புக் கட்டி, முதுகுத் தண்டு அடி எதுவும் இருக்கலாம். காரணம் வேறானால் கவனிப்பும் வேறு.

ஒருமுறை வந்து நான்கைந்து நாளில் முற்றிலும் மறைந்து, பிறகு திரும்பாத நொண்டல் பெரும்பாலும் சுளுக்கோ சிறு காயமோ ஆகும். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். ஆனால் விட்டு விட்டு மீண்டும் வரும் நொண்டல் அப்படிப்பட்டதன்று. உள்ளே ஒரு காரணம் நிலையாக இருக்கிறது, வேலை, குளிர், ஈரம் கூடும்போது அது வெளியே தெரிகிறது, ஓய்வில் மறைகிறது. மறைந்துவிட்டது என்பதால் குணமாகிவிட்டது என்று பொருள் அன்று.

நாய் வலியை மறைக்கும் இயல்பு உடையது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மூட்டு வலி உள்ள நாய் பெரும்பாலும் கத்தாது. படுத்து எழத் தயங்கும், திண்ணையில் ஏறாது, வண்டியில் தாவி ஏறிய நாய் கீழே நின்று பார்க்கும், ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும், தொட்டால் உறுமும். வயதாகிவிட்டது, சோம்பேறியாகிவிட்டது என்று சொல்லப்படும் நாய்களில் பல உண்மையில் வலியில் இருப்பவை.

எந்தக் கால் என்று கண்டறிதல்

நொண்டுகிறது என்று தெரியும். எந்தக் கால் என்று பலருக்குத் தெரியாது. இதற்கு ஓர் எளிய முறை உண்டு. களம் போன்ற கெட்டியான சமதரையில் ஒருவர் நாயைத் தளர்ந்த கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். மற்றொருவர் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் பார்க்க வேண்டும்.

முன்னங்காலில் வலி என்றால் தலையைக் கவனிக்க வேண்டும். வலியுள்ள கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் பின்னாலிருந்து இடுப்பைக் கவனிக்க வேண்டும். வலியுள்ள பக்கத்து இடுப்பு, நல்ல பக்கத்தைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும்.

வரப்பில் உள்ள ஈர மண்ணும் இதற்கு உதவும். ஈர மண்ணில் நடக்கவிட்டுத் தடங்களைப் பார்த்தால், நன்றாக ஊன்றாத காலின் தடம் ஆழம் குறைந்து காணப்படும். நகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறைவாக ஊன்றும் காலில் நகம் தேயாமல் நீண்டிருக்கும். காலை இழுத்து நடந்தால் நகத்தின் மேற்புறம் தேய்ந்திருக்கும். இவ்வாறு இழுப்பது முதுகுத் தண்டு அல்லது நரம்புக் கோளாறைக் காட்டும். இறுதியாக இரு தொடைகளையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தொடை மெலிந்திருந்தால், அந்தக் கால் பல வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று அறியலாம்.

முதலில் பாதத்தைப் பார்க்கவும்

மூட்டு நோய் என்று முடிவு கட்டுமுன் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும். நம் காடுகளில் சீமைக் கருவேல் முள்ளும் நெருஞ்சி முள்ளும் ஏராளம். அறுவடை முடிந்த வயலின் தாள் முனையும், உடைந்த கண்ணாடியும், தார்ச் சாலையின் சூடும் பாதத்தைக் கெடுப்பவை.

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே பழைய வேட்டித் துணியைக் கிழித்து வாயைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, நுனிகளைக் காதுக்குப் பின்னால் கட்டிய பிறகே தொட வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது. முதலில் நல்ல காலைத் தொட்டுப் பார்த்து, பிறகு வலியுள்ள காலுக்கு வரவேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

விரல் இடுக்குகள் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே முள், உண்ணி, சீழ்க்கட்டி, ஒட்டிய தார் இருக்கலாம். அடித் திண்டுகளை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். காலின் உட்புறத்தில், தரையில் படாமல் மேலே இருக்கும் நகம் வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாட்கணக்கில் நொண்டிய நாய் அந்த ஒரு நகத்தை வெட்டியதும் நடந்துவிடுவது உண்டு.

முள் வெளியே தெரிந்தால் அது நுழைந்த கோட்டிலேயே இழுத்து எடுத்து, கொதித்து ஆறிய நீரில் சிறிது உப்புக் கரைத்துக் கழுவ வேண்டும். உள்ளே முறிந்த முள்ளைக் கத்தியால் தோண்டக் கூடாது. புண்ணில் புழு வைத்திருந்தால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து எதையும் ஊற்றாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வயதைப் பொறுத்த காரணங்கள்

பாதத்தில் குறை ஏதும் இல்லையென்றால் நாயின் வயதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குட்டிப் பருவம்: ஒரு வயதுக்குட்பட்ட குட்டியின் எலும்புகள் இன்னும் முற்றுப்பெறாதவை. வெறும் சோறும் கூழும் தின்று வளரும் குட்டிக்கும், வெறும் கறி மட்டும் தின்று வளரும் குட்டிக்கும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு வரும். கறியில் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காக்க உடல் தன் எலும்பையே கரைக்கிறது. கால்கள் வளையும், சிறு தாவலிலும் எலும்பு முறியும். மாறாக, கடையில் விற்கும் குட்டித் தீவனம் கொடுப்போர் அதற்குமேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுவதுண்டு. பெரிய இனக் குட்டிகளுக்கு இதுவும் கேடு. மிகையான சுண்ணாம்புச் சத்து எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். உணவில் மணிச்சத்து ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புச் சத்து ஒன்றுக்குக் குறையாமலும் இரண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை உள்ள பெரிய இன நாய்களில், ஒரு மாதம் ஒரு காலிலும் அடுத்த மாதம் வேறு காலிலும் நொண்டல் மாறி மாறி வருவதுண்டு. நீண்ட எலும்பின் உள்ளே ஏற்படும் அழற்சியே காரணம். வளர்ச்சி முடியும்போது இது தானே நின்றுவிடும். எனினும் இதே போல் கால் மாறி நொண்டச் செய்யும் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேட்டை நாய்க் குட்டிகளை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட விட்டுப் பழக்குவது சில ஊர்களில் வழக்கம். முற்றாத மூட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. முயல் வேட்டைக்கு நாயை விடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உழவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நடு வயது: நல்ல நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பிறகு விரல் நுனியை மட்டும் ஊன்றி நடந்தால் முழங்கால் மூட்டின் உள்ளிருக்கும் நார் அறுந்திருக்கலாம். இத்தகைய நாய் உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கும். சில நாய்களில் நார் ஒரேயடியாக அறுவதில்லை. கயிறு இழை இழையாக நைவது போல் நைகிறது. அதனால்தான் நொண்டல் வந்து வந்து போகிறது. சிறிய நாய் ஓய்வில் ஓரளவு தேறும். கனத்த நாய்க்கு அறுவை மருத்துவம் தேவைப்படும்.

சிறு இன நாய்கள் நடக்கும்போது நாலைந்து அடிக்கு ஒருமுறை பின்னங்காலைத் தூக்கிவிட்டு, உதறிவிட்டு, மீண்டும் ஒழுங்காக நடந்தால் முழங்காற்சில்லு இடம் பெயர்கிறது என்று கொள்ளலாம்.

அல்சேஷன், லாப்ரடார் போன்ற பெரிய அயல் இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு மிகுதி. தொடை எலும்பின் பந்து, இடுப்பின் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் ஆடுவதே இக்கோளாறு. இது பரம்பரையாக வருவது. இந்நாய் ஓடும்போது முயல் போல் இரு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் தாவும். எக்ஸ்ரே படத்தில் இது தெரியும். இக்கோளாறு உள்ள ஆணையோ பெண்ணையோ இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

முதுமை: ஏழெட்டு வயதுக்கு மேல் மூட்டுத் தேய்மானம் முதன்மைக் காரணம். மூட்டின் இரு எலும்பு முனைகளையும் மூடியுள்ள குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரங்களில் புது முளைகள் கிளம்பி, மூட்டு இறுகுகிறது. காலையில் எழும்போது கால் விறைத்திருக்கும்; பத்து நிமிடம் நடந்ததும் இளகும்; அன்று மிகுதியாக ஓடினால் மறுநாள் கூடும்; மழையிலும் பனியிலும் தெரியும். ஆனால் வயதான பெரிய நாயில் ஒரே காலில் நொண்டல் நாளுக்கு நாள் கூடி, எலும்பின்மேல் கெட்டியான வீக்கமும் இருந்தால் அது எலும்புப் புற்றாக இருக்கக் கூடும். இதற்கு எக்ஸ்ரே எடுப்பதில் காலம் தாழ்த்தக் கூடாது.

உண்ணிக் காய்ச்சலை மறவாதீர்

நம் தட்பவெப்பத்தில், விட்டு விட்டு வரும் நொண்டலுக்கு முக்கியமான ஒரு காரணம் உண்ணி. பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தம் உறிஞ்சும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரை நாயின் உடலுக்குள் செலுத்துகிறது. காய்ச்சல், பசியின்மை, மெலிவு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் வடிதல், ஈறிலும் வயிற்றுத் தோலிலும் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை இதன் அறிகுறிகள். சில நாய்களில் மூட்டுகள் வீங்கி, இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என நொண்டல் மாறி வரும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நொண்டலுடன் 103க்கு மேல் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்தே தீர வேண்டும்.

இதற்கு டாக்சிசைக்ளின் என்னும் மருந்து நல்ல பலன் தருகிறது. பொதுவாக நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளிலேயே நாய் தேறிச் சாப்பிடத் தொடங்கும். அத்துடன் மருந்தை நிறுத்துவதே பலர் செய்யும் தவறு. நோய் உள்ளே பதுங்கிப் பின்னர் கடுமையாகத் திரும்பும். மாத்திரையைச் சோற்றுடன் கொடுக்க வேண்டும். பாலுடன் கொடுத்தால் மருந்து உடலில் சேர்வது குறையும்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதன்று. இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, பழைய சாக்குகளை எரித்துவிட வேண்டும். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்பு நீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாய் மேல் தெளிப்பதும், கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசுவதும் நாயைக் கொல்லும் செயல்கள். நாய்க்கெனவே உள்ள சொட்டு மருந்து, மாத்திரை, கழுத்துப்பட்டை ஆகியவற்றில் ஒன்றை எடைக்கேற்ப மருத்துவர் சொல்வார்.

கொடுக்கக் கூடாத மருந்துகள்

மனிதருக்கான இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகிய வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மனிதருக்கு ஒரு மாத்திரை என்ற கணக்கு 15 கிலோ எடையுள்ள நாய்க்குப் பொருந்தாது. எடை மட்டும் காரணம் அன்று. இம்மருந்துகளை நாயின் உடல் வெளியேற்றும் முறையே வேறு. பாரசிட்டமால் மாத்திரையும் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே மாத்திரை எமனாகும்.

டைக்ளோபினாக் எத்தகைய மருந்து என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சான்று. இம்மருந்து செலுத்திய மாடுகள் இறந்து, அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதன் பிறகே 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு இம்மருந்து நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரொபன், அசிக்ளோபினாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. ஆகவே மீந்துபோன ஊசி மருந்தை நாய்க்குப் போட்டுப் பார்ப்போம் என்று எவரும் முயலக் கூடாது.

நாய்க்கு ஏற்ற வலி மருந்துகள் உள்ளன. மெலாக்சிகம், கார்புரொபன் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். இவற்றையும் உணவுக்குப் பின்னரே கொடுக்க வேண்டும். வாந்தி, கறுத்த மலம், பசியின்மை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. முன்னரே ஏதேனும் மாத்திரை கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார் என்று மறைத்தால் நாய்க்குத்தான் கேடு. மூட்டில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது பழைய வழக்கம். அது நோயை ஆற்றுவதில்லை. புண்ணையும் வலியையும் கூட்டுவது மட்டுமே அதன் பலன்.

தேய்ந்த மூட்டோடு வாழவைத்தல்

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க மருந்து இல்லை. ஆனால் வலியைக் குறைத்து நாயைப் பல ஆண்டுகள் நடமாட வைக்க முடியும். அதில் மருந்தைவிடப் பராமரிப்பின் பங்கே பெரிது.

முதலாவது உடல் எடை. விலாவின் மேல் விரலை ஓட்டினால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டி முதல் ஆயுள் முழுதும் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஒரே ஈற்றுக் குட்டிகளை இணை சேர்த்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதம் குறைத்து உணவு கொடுத்தனர். குறைத்துத் தின்ற நாய்கள் நடுத்தர அளவில் 13 ஆண்டும், மற்றவை 11.2 ஆண்டும் வாழ்ந்தன. குறைத்துத் தின்றவற்றில் மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. விலை இல்லாத மருந்து இதைவிட வேறு இல்லை. ஆனால் நம் பட்டி நாய்களில் பல ஏற்கெனவே மெலிந்தவை. அவற்றுக்கு உணவைக் குறைக்க வேண்டியதில்லை. சோற்றோடு முட்டை, பருப்பு, மீன், கறித்துண்டு சேர்க்க வேண்டும். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் சேர்ந்த குழம்பு நாயின் இரத்தத்துக்குக் கேடு.

இரண்டாவது படுக்கை. ஈரத் தரையும் வெறும் சிமெண்டுத் தளமும் மூட்டுக்கு ஆகா. தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகைமேல் வைக்கோல் பரப்பி, உலர்ந்த சாக்குப் போட்டு, மழைச்சாரல் படாத இடத்தில் படுக்க வைக்க வேண்டும்.

மூன்றாவது நடை. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்து விட்டால் விறைத்த கால் திடீரென ஓடி மேலும் கெடும். முற்றிலும் ஓய்வு கொடுத்தாலும் தசை மெலியும். காலையிலும் மாலையிலும் பத்துப் பதினைந்து நிமிடம் கயிற்றில் பிடித்து மண் தரையில் நடத்துவது நல்லது. டிராக்டரிலிருந்தும் வண்டியிலிருந்தும் குதிக்க விடாமல் தூக்கி இறக்க வேண்டும். சரிவான கரையுள்ள குளத்தில் நீந்த விடுவது மூட்டில் பாரம் ஏறாத நல்ல பயிற்சி. கிணற்றில் தள்ளுவது பயிற்சி அன்று.

நான்காவது ஒத்தடம். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாட்கள் குளிர்ந்த நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்க வேண்டும். நாட்பட்ட விறைப்புக்கு வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம் போதும். சூடு நம் முழங்கையில் பொறுக்கும் அளவே இருக்க வேண்டும்.

மூட்டுச் சத்து என்று விற்கப்படும் மாத்திரைகள் விலை மிகுந்தவை. அவற்றின் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை. கையில் உள்ள பணத்தை நல்ல உணவுக்கும் உண்ணி மருந்துக்கும் முதலில் செலவிடுவதே அறிவுடைமை.

காலம் தாழ்த்தக் கூடாத நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். காலைத் தரையில் ஊன்றவே முடியாமை, கால் தொங்குதல் அல்லது எலும்பு வெளித்தெரிதல், வாகனத்தில் அடிபடுதல், மூட்டு வீங்கிச் சூடாக இருந்து காய்ச்சலும் இருத்தல், இரு பின்னங்கால்களும் இழுபடுதல், சிறுநீர் கழிக்க முடியாமை, காட்டிலிருந்து வந்ததும் காலோ முகமோ விரைவாக வீங்குதல். கடைசியாகக் கூறியது பாம்புக்கடியாக இருக்கலாம். கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும்.

இன்னொன்று எல்லாவற்றினும் முக்கியமானது. தடுப்பூசி போடாத நாய்க்குக் கால் தளர்ச்சியுடன் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறினால் அது வெறிநோயாக இருக்கலாம். எல்லா வெறிநோய் நாயும் பாய்ந்து கடிப்பதில்லை. முடங்கிப் படுப்பதும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கை விடக் கூடாது. நாயை ஒதுக்கிக் கட்டி அல்லது அடைத்துவிட்டு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ, புண்ணில் எச்சிலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும் பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட்டுவிட்டால் இந்த அச்சமே இல்லை.

நொண்டல் குறிப்பேடு

வந்து போகும் நொண்டலில் ஒரு சங்கடம் உண்டு. மருத்துவரிடம் கொண்டு செல்லும் நாளில் நாய் நன்றாக நடக்கும். வெளியூர்ப் பயணத்தின் பரபரப்பில் வலியை மறந்துவிடும். ஆகவே பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். நொண்டிய தேதி, எந்தக் கால், காலையிலா மாலையிலா, ஓய்வுக்குப் பின்னா ஓட்டத்துக்குப் பின்னா, எத்தனை நாள் இருந்தது, அன்று மழையா வெயிலா, உண்ணி இருந்ததா, என்ன கொடுக்கப்பட்டது ஆகிய எட்டு விவரங்கள் போதும். கைபேசி உள்ளோர் நாய் நொண்டும்போது பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதக் குறிப்பும் அரை நிமிடப் படமும் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துத் தரும்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். எக்ஸ்ரேயும் அறுவை மருத்துவமும் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம்.

தொடக்கத்தில் கண்ட உழவருக்கே திரும்புவோம். முதல் நொண்டலன்று அவர் பாதத்தைப் பார்த்திருந்தால் முள் இல்லை என்று தெரிந்திருக்கும். இரண்டாம் முறை, காலையில் விறைப்பும் மழை நாளில் மிகுதியும் என்று குறித்திருந்தால் அது மூட்டுக் கோளாறு என்று விளங்கியிருக்கும். உலர்ந்த படுக்கை, அளவான நடை, மருத்துவர் தரும் சரியான மருந்து ஆகிய மூன்றோடு அந்த நாய் இன்னும் பல மழைக்காலம் பட்டியைக் காத்திருக்கும். பழைய பாய்ச்சல் திரும்பாமல் போகலாம். அதற்காகக் காவல் போய்விடாது. பட்டிக்குள்ளேயே படுத்திருந்து, காலடி ஓசை கேட்டதும் குரைத்து வீட்டாரை எழுப்பும் கிழ நாயும் காவல் நாய்தான். ஓடிய காலத்தில் ஆட்டைக் காத்த நாயை, நொண்டும் காலத்தில் காப்பது உழவரின் கடமை.